எலும்பு கூடிய பிறகு என்ன நடக்கிறது? முறிவு, அறுவை சிகிச்சை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் எலும்பு முறிந்து, மாவுக்கட்டோ ஆபரேஷனோ முடிந்து, பிசியோதெரபிக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பாதிக் கேள்விகள் நோயாளி கேட்பவை. மீதி, கூட வரும் அத்தையோ மாமாவோ கேட்பவை. கடினமான கேள்விகளைப் பெரும்பாலும் அவர்கள்தான் கேட்கிறார்கள். உங்கள் எலும்பு இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதை எக்ஸ்ரேயும் உங்களுக்குச் சிகிச்சை தந்த மருத்துவரும்தான் சொல்ல முடியும். அவர் ஒன்றைச் செய்யச் சொல்வதும் இன்னொன்றைத் தடுப்பதும் ஏன் என்று புரிந்துகொள்ள இந்தப் பதில்கள் உதவும்.

ஆறு வாரத்தில் மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். எலும்பு சரியாகிவிட்டது என்றுதானே பொருள்?

கூடிவிட்டது என்று பொருள். சரியாக இன்னும் காலம் இருக்கிறது.

கட்டுப் பிரிக்கும் நாளில் முறிவின் இரு முனைகளையும் புதிய எலும்பு இணைத்துப் பிடித்திருக்கிறது. ஆனால் அது அவசரத்துக்குக் கட்டியது. உள்ளே இழைகள் தாறுமாறாகக் கிடக்கும். உடல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அகற்றி, அந்த இடத்தில் இழைகள் ஒழுங்காக அடுக்கப்பட்ட உறுதியான எலும்பை வைக்கிறது. இதற்குப் பல மாதங்கள் ஆகும். தொடை எலும்பு போன்ற பெரிய எலும்புகளில் சில ஆண்டுகள்கூட ஆகலாம். கட்டும் போய், வலியும் குறைந்துவிடுவதால் இந்தக் காலத்தை யாரும் சிகிச்சையின் பகுதியாக நினைப்பதில்லை. ஆனால் நோயாளியின் பங்கு அதிகமாக இருப்பது இந்தக் காலத்தில்தான்.

முறிந்த இடத்தில் முதலில் என்ன நடக்கிறது?

எலும்பு முறிந்ததும் அதன் ரத்தக்குழாய்கள் அறுந்து, அந்த இடத்தில் ரத்தம் தேங்கி உறைகிறது. வீக்கம், சூடு, வலி எல்லாம் முதல் சில நாட்களில் வருபவை. நமக்குத் தொல்லையாகத் தெரியும் இந்த அழற்சிதான் பழுதுபார்க்கும் செல்களை அங்கே வரவழைக்கிறது. அடுத்த இரண்டு மூன்று வாரங்களில் முறிவைச் சுற்றிக் குருத்தெலும்பும் நார்த்திசுவும் சேர்ந்து ஒரு மென்மையான திரட்சி உண்டாகும். மருத்துவர்கள் இதைக் காலஸ் என்பார்கள். பிறகு அதில் கால்சியம் படிந்து கெட்டியாகும். இதெல்லாம் நடந்து முடிய மேல்கையில் இரண்டு மூன்று மாதம், கீழ்க்காலில் மூன்று முதல் ஐந்து மாதம் ஆகலாம். விரல் எலும்புக்கு மூன்று நான்கு வாரம் போதும்.

முதல் வாரங்களில் காலஸ் எக்ஸ்ரேயில் தெரியாது, அதில் இன்னும் கால்சியம் சேரவில்லை என்பதால். மூன்றாம் வாரம் எடுத்த எக்ஸ்ரேயில் முறிவுக்கோடு அப்படியே தெரிகிறது என்று பதற்றப்பட்டுப் படத்தை ஊரெல்லாம் அனுப்ப வேண்டாம்.

மறுவடிவமைப்பு என்கிறார்களே, அது என்ன?

எலும்பைக் கல் மாதிரி செத்த பொருளாக நினைப்பதால்தான் இந்தக் கேள்வியே எழுகிறது. முறிவே இல்லாத உடம்பிலும் எலும்பு ஓயாமல் புதுப்பிக்கப்படுகிறது. வளர்ந்தவர்களின் எலும்புக்கூட்டில் ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் பழையது போய்ப் புதியது வருகிறது. இதுதான் மறுவடிவமைப்பு.

இதைச் செய்வது இரண்டு கூட்டம் செல்கள். எலும்பைக் கரைக்கும் செல்கள் முதலில் வருகின்றன. அமிலத்தையும் நொதியையும் சுரந்து, பழைய எலும்பில் நுண்ணிய பள்ளமோ சுரங்கமோ தோண்டுகின்றன. அவற்றின் பின்னாலேயே எலும்பைக் கட்டும் செல்கள் வந்து அந்தப் பள்ளத்தைப் புது எலும்பால் நிரப்புகின்றன. ஓர் இடத்தைத் தோண்ட இரண்டு மூன்று வாரம் போதும். நிரப்ப மூன்று நான்கு மாதம் ஆகும். கரைப்பது விரைவு, கட்டுவது தாமதம்: எலும்பு மருத்துவத்தின் பல சங்கடங்கள் இந்த ஒரு வேறுபாட்டில்தான் தொடங்குகின்றன.

நம் தெருக்களில் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தாரைப் போட்டுப் போட்டு, வீட்டு வாசல் சாலையைவிடத் தாழ்ந்துபோன கதை சென்னைக்காரர்களுக்குத் தெரியும். எலும்பு அந்தத் தவறைச் செய்வதில்லை, சுரண்டிவிட்டுத்தான் போடும். அதனால்தான் கூடிய இடத்தில் முதலில் தட்டுப்படும் மேடு நாளடைவில் மெலிகிறது, எலும்பின் நடுவே அடைபட்ட மஜ்ஜைக் குழிகூட மெல்ல மறுபடி திறக்கிறது.

கட்டும் செல்கள் முதலில் வைப்பது சுண்ணாம்புச் சத்தை அல்ல, கொலாஜன் என்ற புரதத்தை. அதன் மேல்தான் கால்சியமும் பாஸ்பேட்டும் படிகின்றன. எலும்பு ஓரளவு வளைந்து கொடுப்பதற்குக் காரணம் இந்தப் புரதம்தான். மூன்று இழைகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டிருக்கும் அதன் அமைப்பை 1954இல் முன்மொழிந்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். இந்த ஊரில் கண்டறிந்த செய்தியை இந்த ஊர்க்காரர்களுக்கே எடுத்துச் சொல்ல வேண்டியிருப்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

எங்கே கட்ட வேண்டும், எங்கே கரைக்க வேண்டும் என்று எலும்புக்கு எப்படித் தெரியும்?

என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான்.

எலும்பு தன் மேல் விழும் சுமைக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது என்பதை ஜெர்மானிய அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892இல் விதியாகவே எழுதினார். சுமை விழும் இடம் தடிக்கும். சுமை இல்லாத இடம் மெலியும். சிறு வயதிலிருந்து டென்னிஸ் ஆடுபவரின் மட்டை பிடிக்கும் கை எலும்பு மற்றக் கையைவிடத் தடித்திருக்கும். எடையற்ற நிலையில் வாழும் விண்வெளி வீரர்களுக்கோ இடுப்புப் பகுதி எலும்பில் மாதத்துக்கு ஒரு சதவீதம் அல்லது அதற்குச் சற்று மேலாகவே குறைகிறது.

இதை உணர்வது யார்? கட்டும் செல்களில் ஒரு பகுதி தாங்கள் கட்டிய எலும்புக்குள்ளேயே புதைந்து அங்கேயே குடியிருந்துவிடுகின்றன. ஆஸ்டியோசைட் என்பது இவற்றின் பெயர். எலும்பில் உள்ள செல்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் இவைதான். மெல்லிய கால்வாய்களின் வழியே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. நீங்கள் ஓர் அடி எடுத்து வைக்கும்போது எலும்பு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. கால்வாயில் உள்ள திரவம் நகர்கிறது. அந்த ஓட்டத்தை இவை உணர்கின்றன. சுமை இல்லாதபோது இவை ஸ்க்ளிரோஸ்டின் என்ற புரதத்தை அதிகம் சுரக்கும். அது கட்டும் செல்களின் வேலையைத் தடுக்கும். சுமை வந்தால் அந்தச் சுரப்பு குறையும். கட்டும் வேலை மறுபடி தொடங்கும்.

ஆகவே, மருத்துவர் அனுமதித்த அளவுக்கு நடப்பது எலும்புக்குத் தரும் உத்தரவு. “பாவம், படுத்தே இருக்கட்டும்” என்று வீட்டார் காட்டும் அன்பு, எலும்பைக் கரைக்கும் கூட்டத்துக்குத்தான் உதவுகிறது. இதை நான் கண்டிப்பாகவே சொல்வது வழக்கம். அத்தைமார்களுக்குப் பிடிப்பதில்லை.

எனக்குப் பிளேட் வைத்திருக்கிறது. எக்ஸ்ரேயில் காலஸே காணோம். என் நண்பருக்கு ராடு போட்டார்கள், அவருக்குப் பெரிதாகத் தெரிகிறது. எனக்குக் கூடவில்லையா?

இரண்டுமே சரியாக இருக்கலாம். முறிந்த இடம் எவ்வளவு அசைகிறது என்பதைப் பொறுத்து எலும்பு கூடும் வழி மாறுகிறது.

பிளேட்டும் ஸ்க்ரூவும் கொண்டு இரு முனைகளையும் இடைவெளி இல்லாமல் அழுத்திப் பிடித்துவிட்டால் அங்கே அசைவே இருக்காது. அப்போது காலஸுக்குத் தேவை இல்லை. கரைக்கும் செல்கள் முறிவுக்கோட்டைக் குறுக்கே துளைத்துக்கொண்டு போக, கட்டும் செல்கள் பின்னாலேயே நிரப்பிக்கொண்டு வரும். அதாவது மறுவடிவமைப்பு வேலையே நேரடியாகக் கூட வைக்கிறது. ஒரு மில்லிமீட்டர் முன்னேற ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும் என்பதால் இது மெதுவான வழி. 1958இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கிய ஏ.ஓ. என்ற மருத்துவர் குழு இந்த முறையை உலகெங்கும் பரப்பியது.

மஜ்ஜைக் குழிக்குள் செலுத்தும் ராடு அப்படி இறுக்கிப் பிடிப்பதில்லை. சிறிது அசைவை விடுகிறது. அந்தச் சிறு அசைவே காலஸைத் தூண்டுகிறது. மாவுக்கட்டிலும் இதேதான். அசைவு அளவு மீறினால் மட்டும் எலும்புக்குப் பதில் நார்த்திசு உண்டாகி, கூடாமலே போகும்.

பிளேட் வைத்த இடத்தில் முதல் எக்ஸ்ரேயில் இல்லாத பெரிய காலஸ் பிறகு தோன்றினால்தான் நாங்கள் ஒரு கணம் நிற்போம். பிடிப்பு தளர்ந்திருக்கிறதோ என்று பார்க்க வேண்டியிருக்கும். அசைவு இருக்கட்டும் என்றே பாலமாக வைக்கும் பிளேட்டுகளும் உண்டு. அவற்றில் காலஸ் வருவது எதிர்பார்த்ததுதான்.

காலை எப்போது ஊன்றலாம்?

அறுவை சிகிச்சை செய்தவர் சொல்லும் அளவே அளவு. தொடை எலும்பில் தடித்த ராடு, நேரான முறிவு என்றால் மறுநாளே ஊன்றச் சொல்வார்கள். மூட்டுக்குள் போகும் முறிவு என்றால் ஆறு முதல் பன்னிரண்டு வாரம்வரை ஊன்ற விடமாட்டார்கள். காரணம், மூட்டின் மேற்பரப்பு கொஞ்சம் அமுங்கினாலும் பின்னாளில் தேய்மானம் வரும்.

“இருபது கிலோ மட்டும் ஊன்றுங்கள்” என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். இருபது கிலோ என்றால் எவ்வளவு என்று எந்தக் காலுக்கும் தெரியாது. வீட்டில் எடை பார்க்கும் மெஷின் இருந்தால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு, அடிபட்ட காலை மட்டும் அதன் மேல் வைத்து, முள் இருபதைத் தொடும்வரை மெல்ல அழுத்துங்கள். மற்றக் காலுக்கு அதே உயரத்தில் ஒரு பலகை போட்டுக்கொள்ளுங்கள். சில முறை செய்தால் கால் அந்த அழுத்தத்தைப் பழகிக்கொள்ளும்.

சென்னை வீடுகளில் முதல் சிக்கல் படிக்கட்டு. லிஃப்ட் இல்லாத மூன்று மாடிக் குடியிருப்புகள் இன்னும் நிறைய இருக்கின்றன. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். ஊன்றுகோல் எப்போதும் அடிபட்ட காலோடு சேர்ந்தே போகும். இரண்டாவது சிக்கல் குந்தி உட்காரும் கழிப்பறை. கடையில் கிடைக்கும் கழிப்பறை நாற்காலி சில மாதங்களுக்குப் போதும். ஈரத் தரையில் ஊன்றுகோலின் ரப்பர் வழுக்கும். தேய்ந்த ரப்பரை மாற்றச் செலவு மிகக் குறைவு, வழுக்கி விழுந்தால் ஆகும் செலவு உங்களுக்கே தெரியும்.

பயிற்சிக்குத் தனியார் இடங்களில் பணம் கட்ட முடியாதவர்கள் பெரிய அரசு மருத்துவமனைகளின் பிசியோதெரபிப் பிரிவை அணுகலாம். கே.கே. நகரில் மறுவாழ்வு மருத்துவத்துக்கென்றே ஓர் அரசு நிலையம் இருக்கிறது.

பயிற்சியின்போது வலித்தால் நிறுத்த வேண்டுமா?

தசை இழுபடும் வலி, மூட்டு விறைப்பு விடும்போது வரும் வலி, பயிற்சி முடிந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் தணியும் வலி ஆகியவற்றோடு வேலை செய்யலாம். முறிந்த இடத்திலேயே குத்துவது, நாளுக்கு நாள் கூடுவது, இரவில் தூக்கத்தைக் கெடுப்பது, கால் வைத்ததும் சுரீர் என்று வருவது ஆகியவை இருந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

குழந்தையின் மணிக்கட்டு கொஞ்சம் கோணலாகக் கூடியிருக்கிறது. தானாக நேராகும் என்கிறார் டாக்டர். நம்பலாமா?

பெரும்பாலும் நம்பலாம், எந்த இடம் என்பதைப் பொறுத்து. குழந்தைகளின் எலும்பு நீளமாக வளரும்போதே கோணலையும் திருத்திக்கொள்கிறது. எலும்பின் நுனியில் உள்ள வளர்ச்சித் தகடு எவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கிறதோ, முறிவு அதற்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ, வளர இன்னும் எத்தனை ஆண்டு மிச்சம் இருக்கிறதோ அந்த அளவுக்குத் திருத்தம் நடக்கும். முன்கை எலும்பான ரேடியஸின் வளர்ச்சியில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் மணிக்கட்டுப் பக்கத்தில்தான் நடக்கிறது. ஆகவே ஏழு வயதுக் குழந்தையின் மணிக்கட்டுக் கோணல் ஓரிரு ஆண்டுகளில் தேடினாலும் கிடைக்காமல் போகலாம்.

முழங்கை அப்படி இல்லை. மேல்கை எலும்பின் வளர்ச்சியில் ஐந்தில் ஒரு பங்குதான் முழங்கைப் பக்கம் நடக்கிறது. அங்கே உள்நோக்கி வளைந்து கூடினால் அப்படியே நின்றுவிடும். அதேபோல், எலும்பு திருகிக் கூடியிருந்தால் வளர்ச்சி அதைத் திருத்துவதில்லை. விரல்களில் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். விரல்களை மடக்கும்போது ஒரு விரல் மற்றதன் மேல் ஏறுகிறதா என்று நீங்களே பார்க்கலாம்.

இன்னொரு வேடிக்கை: இரண்டு முதல் பத்து வயதுக்குள் தொடை எலும்பு முறிந்தால், கூடிய பிறகு அது மற்றக் காலைவிட ஒரு சென்டிமீட்டர்வரை கூடுதலாக வளரலாம். முறிவால் அங்கே பெருகும் ரத்த ஓட்டமே அதற்குக் காரணம்.

முறிந்த இடம் முன்பைவிட வலுவாகிவிடும் என்கிறார்களே?

காலஸ் தடித்திருக்கும் சில மாதங்களுக்கு அந்த இடம் தாங்கலாம். முழுவதும் மறுவடிவமைந்த பிறகு பழைய வலுவுக்கு வரும், அவ்வளவுதான். இதற்கிடையே பயன்படுத்தாமல் மெலிந்துபோன அக்கம்பக்க எலும்பும் தசையும்தான் உண்மையான பலவீனம்.

பிளேட்டை எடுத்துவிட வேண்டுமா?

தொல்லை தராவிட்டால், வளர்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் எடுக்க வேண்டியதில்லை. தோலுக்கடியில் உறுத்துவது, ஸ்க்ரூ நகர்வது, கிருமித் தொற்று, சில குழந்தைகளில் வளர்ச்சிக்கு இடையூறு ஆகியவை எடுப்பதற்கான காரணங்கள். “உடம்புக்குள் இரும்பு இருக்கக் கூடாது” என்ற எண்ணம் மட்டும் இன்னொரு ஆபரேஷனுக்குப் போதுமான காரணம் ஆகாது.

ஒன்று உண்மை. உலோகம் எலும்பைவிட மிக விறைப்பானது. டைட்டானியம் சுமார் ஆறு மடங்கு, ஸ்டீல் சுமார் பத்து மடங்கு. சுமையின் ஒரு பகுதியைப் பிளேட்டே வாங்கிக்கொள்வதால் அதன் கீழுள்ள எலும்பு, வோல்ஃப் சொன்னபடியே, கொஞ்சம் மெலிகிறது. இதனால்தான் எடுப்பதாக இருந்தாலும் அவசரப்படுவதில்லை. முன்கையில் வைத்த பிளேட்டை ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டுக்கு முன் எடுத்தால் மறுபடி முறியும் ஆபத்து அதிகம். எடுத்த பிறகும் ஸ்க்ரூ இருந்த ஓட்டைகள் எலும்பால் நிரம்பும்வரை அந்த இடங்கள் பலவீனமானவை. முதல் இரண்டு மூன்று மாதம் பாரம் தூக்குவது, கிரிக்கெட், கபடி எதுவும் வேண்டாம்.

மெட்ரோ நிலையத்திலோ மீனம்பாக்கம் விமான நிலையத்திலோ கருவி ஒலித்தால், பிளேட் இருக்கிறது என்று சொன்னால் போதும். எம்.ஆர்.ஐ. எடுக்கவும் இன்றைய பிளேட்டுகள் பெரும்பாலும் தடையில்லை, எடுப்பவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்றினார்கள். மறுநாளே நடக்க வைத்துவிட்டார்கள். எலும்பு கூட வேண்டாமா?

அங்கே கூட வேண்டிய முறிவு இல்லை. உலோகத்தை எலும்போடு ஒட்ட எலும்பு சிமென்டைப் பயன்படுத்தினால் அது அறுவை சிகிச்சை மேசையிலேயே சில நிமிடங்களில் இறுகிவிடும். அதனால்தான் மறுநாளே நடக்கலாம். சிமென்ட் இல்லாத வகையில், உலோகத்தின் சொரசொரப்பான பரப்பில் எலும்பே வளர்ந்து பிடித்துக்கொள்கிறது. அதற்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும்.

பின்னாளில் மறுவடிவமைப்பு இங்கேயும் தன் வேலையைக் காட்டும். இடுப்பு மூட்டு மாற்றியவர்களில், தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டு சுமையைக் கீழே கொண்டுபோய்விட்டால் மேல் பகுதி எலும்பு மெலிவதுண்டு. தேய்மானத் துகள்கள் எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டிவிடுவதும் உண்டு. ஒரு வலியும் இல்லாதபோதும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுக்கச் சொல்வது இதற்குத்தான்.

புத்தூர் கட்டுக்குப் போகலாமா?

திருத்தணி, நகரி வழியாகத் திருப்பதி போகும் சாலையில் இருக்கிறது, நாட்டு வைத்திய எலும்புக்கட்டுக்குப் பெயர்பெற்ற புத்தூர். அங்கே கட்டுக்கட்டிக்கொண்டு நன்றாக இருப்பவர் ஒருவரை ஒவ்வொரு சென்னைக் குடும்பத்துக்கும் தெரிந்திருக்கும். ஊர் பெயரைப் பலகையில் எழுதிவைத்த கடைகள் நகரமெங்கும் இருக்கின்றன. விலகாத எளிய முறிவுகள், மூங்கில் பட்டையோ மாவுக்கட்டோ, அசையாமல் வைத்தால் கூடிவிடும். அப்படிக் கூடியவர்கள்தான் ஊரெங்கும் சொல்கிறார்கள்.

கூடாதவர்கள் எங்களிடம் வருகிறார்கள். மூட்டுக்குள் போன முறிவு, விலகிய முறிவு, குழந்தையின் முழங்கை, தோல் கிழிந்த முறிவு ஆகியவற்றை எக்ஸ்ரே பார்க்காமல் கட்டுவது ஆபத்து. எண்ணெய் போட்டு உருவிவிடுவது முறிந்த முனைகளை இன்னும் நகர்த்தும். எல்லாவற்றையும்விட, இறுக்கமான கட்டுக்குள் வீக்கம் கூடினால் ரத்த ஓட்டம் நின்று, சில மணி நேரத்தில் தசை அழியத் தொடங்கும். யார் போட்ட கட்டாக இருந்தாலும், ஆஸ்பத்திரி மாவுக்கட்டே ஆனாலும், மருந்துக்கு அடங்காத வலி, விரலை நீட்டும்போது தாங்க முடியாத வேதனை, மரத்துப்போதல், விரல் வெளுத்தோ நீலித்தோ போதல் கண்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நள்ளிரவானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

ஆட்டுக்கால் சூப்பும் பிரண்டைத் துவையலும் எலும்பைக் கூட்டுமா?

சூப் சுவையானது. அதில் கால்சியம் மிகக் குறைவு, எலும்பைக் கொதிக்கவைத்தால் அவ்வளவு கால்சியம் வெளியே வருவதில்லை. படுத்திருப்பவருக்குப் பசியைத் தூண்டினால் அதுவே பெரிய நன்மை. பிரண்டை பற்றிச் சிறு ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன. உறுதியாகச் சொல்லும் அளவுக்குப் பெரிய ஆய்வுகள் இல்லை. துவையலாகச் சாப்பிடுவதை நான் தடுப்பதில்லை. நன்றாக வதக்காவிட்டால் நாக்கு அரிக்கும் என்பதைச் சமைப்பவர்கள் அறிவார்கள்.

வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. ஒரு டம்ளர் பாலில் ஏறக்குறைய 240. முள்ளோடு சாப்பிடும் நெத்திலி, முருங்கைக்கீரை, எள் எல்லாம் கைகொடுக்கும். ஆனால் வீடுகளில் எல்லோரும் மறப்பது புரதத்தை. கொலாஜன் புரதம் என்று மேலே சொன்னேன். கஞ்சியும் ரசம் சாதமுமாகவே மூன்று வாரம் ஓட்டினால் எலும்பைக் கட்டப் பொருள் எங்கிருந்து வரும்? முட்டை, மீன், பருப்பு, சுண்டல், தயிர் ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையும் தட்டில் இருக்கட்டும்.

வைட்டமின் டி விஷயத்தில் சென்னை ஒரு விசித்திரம். ஆண்டு முழுவதும் வெயில், ஆனாலும் பலருக்கு அது குறைவு, வெயிலுக்கு அஞ்சி எல்லோரும் உள்ளேயே இருக்கிறோம் என்பதால். கண்ணாடி ஜன்னல் வழியே வரும் வெயில் இதற்குப் பயன்படாது. வாரம் ஒருமுறை என்று எழுதித் தரும் 60,000 யூனிட் மருந்தைத் தினமும் சாப்பிடுவதும், மாதக்கணக்கில் தாமாகவே தொடர்வதும் ஆபத்து. ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மயக்கம், சிறுநீரகப் பாதிப்பு வரலாம்.

சிகரெட்டை விட்டே ஆக வேண்டுமா?

ஆம். புகைப்பவர்களுக்கு எலும்பு கூடாமல் போகும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. வாயில் அடக்கும் புகையிலையிலும் நிகோட்டின் இருக்கிறது. சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாவிட்டாலும் கூடுவது தாமதமாகும், புண்ணும் ஆறாது. வலி மாத்திரைகளை மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மேல் கடையில் வாங்கித் தொடராதீர்கள்.

ஆறு மாதமாகியும் கூடவில்லை என்கிறார்கள். இனி என்ன?

தாமதம் வேறு, கூடாமை வேறு. பொதுவாக ஒன்பது மாதம் கடந்தும், கடைசி மூன்று மாதங்களில் எந்த முன்னேற்றமும் இல்லாதபோதுதான் கூடவில்லை என்று முடிவு செய்வார்கள். கீழ்க்கால் எலும்பின் அடிப்பகுதியில் இது அடிக்கடி நேர்கிறது. அங்கே தசைப் போர்வை குறைவு, ரத்த ஓட்டமும் குறைவு. நம் ஊர் இருசக்கர வாகன விபத்துகளில் அடிபடுவதும் அந்த இடமே.

எக்ஸ்ரேயில் காலஸ் தாராளமாக இருந்து, நடுவே கோடு மட்டும் மறையாமல் இருந்தால் பிடிப்பு போதவில்லை; தடித்த ராடோ உறுதியான பிளேட்டோ வைத்தால் பெரும்பாலும் கூடிவிடும். முனைகள் மெலிந்து கூராகி, காலஸே இல்லாவிட்டால் அங்கே உயிர்ப்பு இல்லை. இடுப்பு எலும்பிலிருந்து துண்டுகள் எடுத்து வைக்க வேண்டும். இரண்டிலும் கிருமித் தொற்று ஒளிந்திருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள்.

எலும்பே ஒரு துண்டு இல்லாமல் போனால் வளையங்களும் கம்பிகளும் கொண்ட இலிசரோவ் கருவி உதவும். சைபீரியாவின் குர்கன் நகரில் 1950களில் காவ்ரீல் இலிசரோவ் உருவாக்கிய முறை இது. எலும்பை வெட்டி, சில நாள் விட்டு, நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் நான்கு தவணையாக இழுத்தால் இடைவெளியில் புது எலும்பு உண்டாகும். இழுத்து முடித்த பிறகு அது கெட்டியாக, இழுத்த காலத்தைப் போல் இரண்டு மடங்காவது காத்திருக்க வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் சிகிச்சை. வீட்டில் தினமும் திருகு முடுக்க ஒருவர் வேண்டும். ஆனால் வெட்டி எடுக்க வேண்டியிருந்த கால்களை அது காப்பாற்றியிருக்கிறது.

பாட்டி பாத்ரூமில் லேசாக விழுந்தார், இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் செய்தாயிற்று. இனி ஏதாவது செய்ய வேண்டுமா?

நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே முறிந்தால், அந்த எலும்பு முன்பே மெலிந்திருந்தது என்று பொருள். மாதவிலக்கு நின்ற பிறகு கரைப்பது கூடி, கட்டுவது ஈடுகொடுக்க முடியாமல் போகிறது. ராடோ பந்துக்கிண்ண மூட்டோ வைத்தது ஓர் இடத்தைத்தான் சரிசெய்தது. மற்ற இடுப்பும் முதுகெலும்பும் அதே எலும்புதான். எலும்பு அடர்த்திப் பரிசோதனையும் கரைப்பைத் தடுக்கும் மருந்தும் வேண்டுமா என்று கட்டாயம் கேளுங்கள். இந்த மருந்துகளில் சிலவற்றைப் பல ஆண்டுகள் இடைவெளியின்றித் தொடர்வதிலும் சிக்கல் உண்டு, சிலவற்றைத் திடீரென்று நிறுத்துவதிலும் சிக்கல் உண்டு. ஆகவே மருத்துவர் கணக்குப்படியே நடக்கட்டும். குளியலறையில் ஒரு கைப்பிடி பொருத்துங்கள்.

படுத்திருக்கும் காலத்தில் ஒரு பக்கக் கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ ரத்தக்கட்டியாக இருக்கலாம். உடனே போக வேண்டும்.

மழைக்காலத்தில் பழைய முறிவு வலிக்கிறதே?

பலர் சொல்கிறார்கள். ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன. ஐப்பசி மழையில் எலும்பு பிரிந்துவிடாது என்பது மட்டும் உறுதி.

டூ வீலர் எப்போது ஓட்டலாம்?

மாவுக்கட்டுப் பிரித்த அன்றே இந்தக் கேள்வி வரும். காலில் முறிவு என்றால், முழு எடையையும் ஊன்ற அனுமதி கிடைத்துச் சுமார் ஆறு வாரம் கழித்தே பிரேக் அழுத்தும் வேகம் பழைய நிலைக்குத் திரும்புகிறது. பைக்கில் பின் பிரேக் வலது காலில், கியர் இடது காலில். ஸ்கூட்டரில் இரண்டும் இல்லையே என்பார்கள். சிக்னலில் நிற்கும்போது நூறு கிலோ வண்டியை எந்தக் காலால் தாங்குவீர்கள்? அடிபட்ட காலில் மட்டும் எதையும் பிடிக்காமல் முப்பது விநாடி நிற்க முடியவில்லை என்றால் இன்னும் நேரம் வரவில்லை. கை முறிவு என்றால் பிரேக்கை முழுதாகப் பிடித்து விடும் வலுவும், பள்ளத்தில் இறங்கும்போது மணிக்கட்டு அதிர்ச்சியைத் தாங்குவதும் வேண்டும். அதுவரை பஸ்ஸில் போங்கள், ஏறும்போது நடத்துநரிடம் சொல்லி முன் இருக்கையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.